வெள்ளைக்கருவா, வெறும் எலுமிச்சையா: பெருவின் பிஸ்கோ சவரும் சிலியின் பிஸ்கோ சவரும்

சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் குடியேறி மூன்று ஆண்டு ஆகிறது. இங்கே யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், உட்கார்ந்ததும் கைக்கு வருவது ஒரு மெல்லிய, உயரமான கிளாஸில் பிஸ்கோ சவர்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைக் கற்றுக்கொண்டு இரண்டு ஆண்டு சிலி முறையிலேயே செய்துவந்தேன். போன ஆண்டு பெருவின் தலைநகர் லிமாவில் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் என் வீட்டில் செய்வது பெரும்பாலும் பெரு முறைதான்.

பிஸ்கோ என்பது திராட்சை ஒயினைக் காய்ச்சி வடிக்கும் சரக்கு, பிராந்தி வகை. சவர் என்பது சரக்கோடு எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்த கலவை. விஸ்கி சவரில் விஸ்கி இருக்கும் இடத்தில் இதை வைத்தால் பிஸ்கோ சவர். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலிருந்து 1903இல் பெருவின் செர்ரோ தே பாஸ்கோவுக்கு ரயில்பாதை வேலைக்காக வந்த விக்டர் மோரிஸ், 1916இல் லிமாவில் ஒரு பார் திறந்தார். அவரிடம் வேலை பார்த்த மாரியோ புருய்கெட் 1920களில் முட்டையின் வெள்ளைக்கருவையும், சொட்டுக் கணக்கில் விடும் பிட்டர்ஸ் என்ற கசப்பு மணச்சாற்றையும் சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சிலிக்காரர்களிடம் அவர்களுக்கென்று வேறு கதை இருக்கிறது. பிஸ்கோ என்ற பெயருக்கே இரு நாடும் சண்டை போடுகின்றன. பெருவில் அந்தப் பெயரில் ஒரு துறைமுக ஊர் உண்டு. சிலியோ 1936இல் எல்கி பள்ளத்தாக்கில் லா யூனியோன் என்ற ஊரை பிஸ்கோ எல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த வழக்கு எனக்கு வேண்டாம். கிளாஸில் என்ன வருகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

பெரு முறையில் பிஸ்கோ மூன்று பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு ஒரு பங்கு. நான் 60, 20, 20 மி.லி. எடுக்கிறேன். இரண்டு கிளாஸுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, மேலே மூன்று சொட்டு பிட்டர்ஸ். சிலி முறையில் பிஸ்கோவும் சாறும் அதே அளவு. பாகுக்குப் பதில் பொடித்த சர்க்கரை. முட்டையும் இல்லை, பிட்டர்ஸும் இல்லை. ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் முடிந்தது. சிலியிலும் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. நான் சொல்வது பெரும்பாலான வீடுகளில் பார்த்ததை.

எலுமிச்சையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிலிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் பிகா எலுமிச்சை, அத்தகாமா பாலைவனத்தில் இருக்கும் பிகா என்ற சோலையில் விளைவது. அந்தத் தாராபாகா பகுதியே 1883 ஒப்பந்தம் வரை பெருவினுடையது! பெருக்காரர்கள் 'லிமோன் சுத்தில்' என்று சொல்லும் எலுமிச்சையும் அதே இனம்தான். நம் ஊரில் சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் வாங்கும் சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சையும் அதே இனம். ஆகவே மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இதைச் செய்பவருக்குச் சாறு விஷயத்தில் குறையே இருக்காது. சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும் பெரிய, விதையில்லாத பச்சை லைமில்தான் மணம் குறைவு. பழத்தைக் கடைசிச் சொட்டுவரை பிழிய வேண்டாம், தோலின் கசப்பு இறங்கிவிடும். காலையில் பிழிந்து வைத்துவிட்டு மாலையில் பயன்படுத்துவதும் வேண்டாம்.

சரக்கில் வித்தியாசம் உண்டு. பெருவில் பிஸ்கோவை வடித்த பிறகு தண்ணீர் சேர்க்கக் கூடாது. மரப் பீப்பாயில் வைக்கவும் கூடாது. குறைந்தது மூன்று மாதம் அப்படியே கிடத்த வேண்டும். அதில் ஆல்கஹால் 38 முதல் 48 சதவீதம் வரை இருக்கும். சிலியில் தண்ணீர் கலந்து இறக்கலாம், மரத்திலும் வைக்கலாம். 30 சதவீதத்திலிருந்தே கிடைக்கும். கடைகளில் நான் அதிகம் பார்ப்பது 35. பெருவில் எட்டு வகைத் திராட்சைக்கு அனுமதி. சவருக்கு நான் வாங்குவது கெப்ராந்தா என்ற வகை. அதற்குப் பூ மணம் குறைவு, வாயில் கனம் அதிகம். சிலி பிஸ்கோவில் பெரும்பாலும் மஸ்கட் திராட்சையின் மணம் தூக்கலாக இருக்கும். அது எனக்கும் பிடிக்கும்.

இனி வெள்ளைக்கரு. வீட்டில் செய்பவர் எந்த முறைக்குப் போவார் என்பதை முடிவு செய்வது இது ஒன்றுதான்.

முதல் தடவை நான் பெரு முறையில் செய்தபோது, என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு "கவுச்சி அடிக்குது" என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. முட்டை பத்து நாள் பழையது, வீட்டில் பிட்டர்ஸும் இல்லை. மேலே போடும் மூன்று சொட்டு வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது அலங்காரமே இல்லை. கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்கு நுரைக்கு மிக அருகில் வருகிறது. வெள்ளைக்கருவின் வாடை எழுவதும் அங்கேதான். கிராம்பும் பட்டையும் போல மணக்கும் பிட்டர்ஸ் அந்த இடத்தில் உட்கார்ந்து வாடையை மறைக்கிறது. எங்கும் கிடைக்கும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் போதும். கிடைத்தால் பெருவின் மூலிகைகளில் செய்யும் அமார்கோ சுஞ்சோ இன்னும் பொருத்தம்.

அதற்கப்புறம் ஏழெட்டு முறை செய்து பார்த்து ஒரு வழக்கத்துக்கு வந்திருக்கிறேன். முட்டை அன்றோ முந்தின நாளோ வாங்கியதாக இருக்க வேண்டும். முதலில் ஐஸ் இல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்து இருபது விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்கக் குலுக்க வெள்ளைக்கருவின் புரதம் பிரிந்து காற்றைப் பிடித்துக்கொள்கிறது. எலுமிச்சையின் புளிப்பு அந்த நுரையைக் கலையாமல் நிறுத்த உதவுகிறது. பிறகு ஐஸ் போட்டு இன்னும் பத்துப் பதினைந்து விநாடி. ஷேக்கர் இல்லாவிட்டால் மூடி இறுக்கமான ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். ஆனால் ஐஸ் இல்லாமல் குலுக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறும், மூடியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊற்றிய பிறகு ஒரு நிமிடம் விட்டால் நுரை ஒரு விரற்கடை உயரத்துக்கு மேலே வந்து நிற்கும். பிட்டர்ஸ் சொட்டுவது அப்போதுதான். கழுவும்போது முதலில் குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்றினால் வெள்ளைக்கரு வெந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு என்ன கிடைக்கிறது? வாயில் படும் விதமே மாறுகிறது. சிலி முறையில் புளிப்பு முதலில் நாக்கின் ஓரத்தைப் பிடிக்கிறது, பிறகு சரக்கு வருகிறது, பிறகு இனிப்பு. மூன்றும் தனித்தனி. வெள்ளைக்கரு சேர்ந்ததும் மூன்றும் ஒன்றாக வருகின்றன, புளிப்பின் முனை மழுங்கிவிடுகிறது. சர்க்கரையை அதிகமாக்காமலே இது நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சிலி முறையில் அதே மென்மை வேண்டுமென்று சர்க்கரையைக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சை ஜூஸ் குடிப்பது போலத்தான் இருந்தது.

இரண்டையும் கலந்து செய்யலாமே என்று 35 சதவீத சிலி பிஸ்கோவில் வெள்ளைக்கரு சேர்த்தும் பார்த்தேன். சப்பென்று போய்விட்டது. ஐஸ் கரைவதோடு பாகிலும் வெள்ளைக்கருவிலும் உள்ள தண்ணீரும் சேர்கிறது. 42 சதவீத சரக்கு அதைத் தாங்கும், 35 தாங்காது. ஆனால் பொடித்த சர்க்கரை போட்டு, முட்டை இல்லாமல் செய்தால் அதே 35 சரியாக நிற்கிறது. ஒவ்வொரு நாட்டு முறையும் அதனதன் சரக்குக்குப் பொருந்தியிருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சிலி பாட்டில்தான் கையில் இருக்கிறது, ஆனால் நுரை வேண்டும் என்றால் 40 சதவீதமுள்ள ரெசர்வாதோ என்ற வகையை வாங்குங்கள்.

பச்சை முட்டையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். சரக்கும் எலுமிச்சையும் சேர்ந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. வயதானவர்களுக்கும் உடம்பு சரியில்லாதவர்களுக்கும் இதைக் கொடுக்கவே மாட்டேன். பாஸ்ச்சரைஸ் செய்து விற்கும் வெள்ளைக்கருவை எடுத்தால் அந்தக் கவலை குறையும், ஆனால் நுரை எழ இரட்டிப்பு நேரம் குலுக்க வேண்டியிருக்கிறது. முட்டையே சாப்பிடாதவர்களுக்காகக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரில் இரண்டே முறை செய்தேன். உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கெட்டியாகும்வரை சுண்டவைத்து, கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி. நுரை நன்றாகவே வந்தது, கவுச்சி சுத்தமாக இல்லை. லேசாகச் சுண்டல் வாடை இருந்ததாக எனக்குத் தோன்றியது, விருந்தாளிகள் சொல்லவில்லை. இரண்டு முறையை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சிலி முறையை நான் விட்டுவிடவில்லை. செப்டம்பர் 18, இங்கே தேசியத் திருவிழா, வீட்டில் பன்னிரண்டு பேர். அவ்வளவு பேருக்கு முட்டை உடைத்து இரண்டிரண்டு கிளாஸாகக் குலுக்கிக்கொண்டிருந்தால் வந்தவர்களோடு பேசவே முடியாது. ஒரு ஜாடி நிறைய முன்கூட்டியே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். நுரை அமர்ந்துவிடுமோ, வாடை வந்துவிடுமோ என்ற கவலை இல்லை. வெயில் நேரத்தில் அந்த நேரடியான புளிப்பும் நன்றாக இருந்தது. விலையிலும் இங்கே சிலி பாட்டில்தான் மலிவு. கடையில் விற்கும் ரெடிமேட் பிஸ்கோ சவர் பாட்டிலை மட்டும் வாங்காதீர்கள். எலுமிச்சை புதிதாக இல்லாவிட்டால் எந்த நாட்டு முறையாக இருந்தாலும் ஒன்றுதான்.

இரண்டு பேர், நான்கு பேர் என்றால் பெரு முறைதான். டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். இந்தியாவுக்குள் இரண்டு லிட்டர்தான் சுங்கமில்லாமல் கொண்டுபோகலாம், அதாவது இரண்டு பாட்டில். போன தடவை நாட்டுக்கு ஒன்றாக எடுத்துப் போனேன். இந்தத் தடவை இரண்டுமே கெப்ராந்தா, கூடவே ஒரு சின்ன பிட்டர்ஸ் புட்டி. எலுமிச்சை அம்மா வீட்டுக் கொல்லையில் காய்த்துக்கிடக்கிறது. முட்டையை அன்றைக்குக் காலையில் வாங்கிக்கொள்வேன்.