வாயுவா, மாத்திரையா? பச்சிளங்குழந்தையின் நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு நைட்ரிக் ஆக்சைடும் சில்டெனாஃபிலும்

பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அதை மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டால், தமிழ்நாடு-கேரள எல்லையில் செங்கோட்டை, புளியரைப் பக்கம் உடனே எழும் கேள்வி "திருநெல்வேலியா, திருவனந்தபுரமா?" என்பதுதான். கிழக்கே போனால் சமவெளிச் சாலை. மேற்கே போனால் மலை தாண்ட வேண்டும், தூரமும் கூடுதல். வண்டி ஏறுமுன் தீர்க்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைக்கு நுரையீரல் ரத்தக்குழாய் இறுகிப்போகலாம்; அதைத் தளர்த்த நைட்ரிக் ஆக்சைடு வாயு வேண்டுமா, சில்டெனாஃபில் மாத்திரை போதுமா?

பிறந்ததும் அந்தக் குழாய்கள் தளர்ந்து நுரையீரலுக்கு ரத்தத்தை விட வேண்டும். தளராவிட்டால், கருவில் இருந்த பழைய குறுக்கு வழிகளிலேயே ரத்தம் பாயும். வலது கையில் ஒரு ஆக்சிமீட்டரும் காலில் ஒன்றும் மாட்டிப் பாருங்கள். கையில் 92, காலில் 78 என்றால் சந்தேகம் பலமாகிறது. இரண்டும் ஒன்றாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. இதய மேலறைகளுக்கு நடுவிலுள்ள துளை வழியாகவே ரத்தம் கலந்தால் கைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படமான எக்கோதான் முடிவு சொல்லும்.

இரண்டு மருந்தும் வேலை செய்யும் விதம் குளத்துப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். ரத்தக்குழாயைத் தளர்த்தும் பொருள் சைக்ளிக் ஜி.எம்.பி. குளத்தில் நிற்கும் தண்ணீர் அது என்று வையுங்கள். நைட்ரிக் ஆக்சைடு கால்வாயில் வரத்தைக் கூட்டுகிறது. சில்டெனாஃபில் மறுகாலை, அதாவது நிரம்பிய தண்ணீர் வெளியேறும் வழியை, அடைக்கிறது; அந்தப் பொருள் சிதைந்து போகாமல் காக்கிறது. கால்வாய் வறண்டு கிடந்தால் மறுகாலை அடைத்து என்ன பயன்? உடம்பே நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் திணறும் குழந்தையிடம் மாத்திரை தடுமாறுவது இதனால்தான். ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் கிடைத்தது இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்கு.

வாயுவின் பெரிய பலம் அது போகும் இடம். காற்று எட்டுகிற நுரையீரல் அறைகளை ஒட்டிய குழாய்களை மட்டும் தளர்த்தும். ரத்தத்தில் இறங்கியதும் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துவிடும். அதனால் உடம்பின் ரத்த அழுத்தம் இறங்காது. வயிற்றில் கொடுத்த சில்டெனாஃபில் ரத்தத்தோடு எங்கும் போகும். மலம் அடைத்துக் காற்றே புகாத பகுதியின் குழாயையும் அது திறந்துவிடுவதால் ஆக்சிஜன் அளவு சில நேரம் இன்னும் இறங்கும்.

வாயுவை எப்போது தொடங்குவது? ஆக்சிஜன் குறியீட்டெண்தான் அளவுகோல்: சராசரிக் காற்றழுத்தம் × ஆக்சிஜன் பங்கு × 100 ÷ தமனி ஆக்சிஜன் அழுத்தம். அழுத்தம் 14, ஆக்சிஜன் முழுதாக 1, தமனியில் 45 என்றால் 31 வரும். 25-ஐத் தாண்டினால் தொடங்கலாம். கருவில் 34 வாரம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு). அதற்கு மேல் ஏற்றினால் கூடுதல் பலனில்லை, நஞ்சுதான் கூடும். அரை மணி முதல் ஒரு மணிக்குள் பலன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நுரையீரல் விரிந்திருக்கிறதா, நுரையீரல் அறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இந்த வாயு கேட்காது. உடம்புக்குப் போகும் ரத்தமே குறுக்கு வழியை நம்பியிருக்கும் இடது இதயக் கோளாறில் இதைக் கொடுக்கவே கூடாது; எக்கோ பார்க்காமல் தொடங்காதீர்கள் என்பது அதற்காக.

சிலிண்டர் கணக்கை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். 800 பி.பி.எம். சிலிண்டர், வென்டிலேட்டரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டம் என்றால், 20 பி.பி.எம். பெற நிமிடத்துக்கு 256 மி.லி. வாயு வேண்டும். ஒரு நாளைக்கு சுமார் 370 லிட்டர். 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் நான்கு நாள் தாங்கும். மாற்றுச் சிலிண்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சும்மா கிடந்த ரெகுலேட்டரிலும் குழாயிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சு வாயு தேங்கியிருக்கும். அதை வெளியேற்றிய பிறகே குழந்தையோடு இணைக்க வேண்டும். சென்சாருக்குப் போகும் மெல்லிய குழாயில் ஈரம் கோத்தால் அளவு தப்பாகக் காட்டும். அந்த ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறியை ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் காலி செய்யுங்கள். டை ஆக்சைடு 2 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது. ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிப்போன ஹீமோகுளோபினான மெத்ஹீமோகுளோபினை, வாயு தொடங்கிய நான்கு மணி நேரத்தில் ஒரு முறையும், பிறகு தினமும் பார்த்து, 5%-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது நிறுத்தும்போதுதான். வெளியிலிருந்து வாயு வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று மூடினால் குழாய்கள் முன்னைவிட மோசமாக இறுகும். ஆக்சிஜன் தேவை 60%-க்குக் கீழே வந்த பிறகு 20, 15, 10, 5 என்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு படி இறக்கி, பிறகு 4, 3, 2, 1 என்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். மூச்சுக்குழாயில் சளி எடுக்க வென்டிலேட்டரைக் கழற்றி, கைப்பையால் மூச்சுக் கொடுக்கிற இரண்டு நிமிடமும் ஆபத்துதான்; அந்தப் பைக்கும் வாயு இணைப்பு இருக்க வேண்டும். இங்கேதான் போட்டி மருந்து துணைக்கு வருகிறது. கடைசிப் படியை நிறுத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வேளை சில்டெனாஃபில் கொடுத்தால் அந்த மறு இறுக்கம் குறைகிறது.

மாத்திரையின் வலிமை அது கையில் இருப்பது. 25 மி.கி. மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. நீரில் கலந்தால் ஒரு மி.லி.-யில் 2.5 மி.கி. மூன்று கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 1.2 மி.லி., மூக்குவழிக் குழாயில், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. உச்சம் கிலோவுக்கு 2 மி.கி. பொடி அடியில் தங்கும். நன்றாகக் குலுக்கி உடனே இழுக்காவிட்டால் முதல் வேளையில் வெறும் தண்ணீரும் கடைசி வேளையில் இரட்டை மருந்தும் போகும். சராசரி ரத்த அழுத்தம் 40-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைத் தூக்கிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். அதிர்ச்சி நிலையில் குடல் மருந்தை உறிஞ்சாது என்பதையும் மறக்காதீர்கள். இதயமே துவண்டிருந்தால் இரண்டையும் விட, இதயத்துக்கு வலுவூட்டி ரத்தக்குழாயையும் தளர்த்தும் மில்ரினோன் மருந்து பொருத்தம்.

ஆதாரம் என்ன சொல்கிறது? வாயுவுக்கான 1997-ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில், இறப்போ எக்மோவோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம்) நேர்ந்தவர்கள் 64%-லிருந்து 46% ஆனார்கள். குறைந்தது பெரும்பாலும் எக்மோ தேவைதான்; இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. எக்மோவே எட்டாத நம் எல்லைப் பகுதிக்கு இந்த எண்ணை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. மாத்திரைக்கான 2006-ஆம் ஆண்டு கொலம்பிய ஆய்வு வெறும் 13 குழந்தைகள்தான். ஆனால் அது நடந்தது வாயு இல்லாத இடத்தில்: மருந்து பெற்ற ஏழில் ஆறு பேர் பிழைத்தார்கள், பெறாத ஆறில் ஒருவர். சின்ன ஆய்வு என்றாலும் நம் நிலைமைக்கு அதுவே நெருக்கம்.

கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இதே குடும்பத்து வாயுக்கள்தான். உடம்பே சிறிதளவு சுரக்கிறது. அவை இன்னும் ஆய்வுக்கூடத்தையும் சோதனைகளையும் தாண்டவில்லை. இந்தக் குழந்தையின் கட்டிலருகே அவற்றுக்கு இடமில்லை.

எங்கள் தீர்ப்பு இது. எக்கோ, தமனி ரத்தப் பரிசோதனை, இரவிலும் அளவு பார்க்கும் ஆள் மூன்றும் இருக்கிற இடத்தில் வாயுதான் முதல் தேர்வு. இல்லாத இடத்தில் வாயுவைத் தொடங்கி, வழியில் தொடர வசதியில்லாத ஆம்புலன்ஸில் அனுப்புவது கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். புளியரை எஸ் வளைவில் வண்டி ஏறும்போது சிலிண்டர் தீர்ந்தால் அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ரத்த அழுத்தம் பார்த்து முதல் வேளை சில்டெனாஃபிலைக் கொடுத்து, குழந்தையைச் சூடு குறையாமல் அனுப்புங்கள். கூடவே போகும் தாளில் மருந்து கொடுத்த நேரமும் அளவும், கை கால் இரண்டின் ஆக்சிஜன் எண்ணும், காற்றழுத்தமும், கடைசி ரத்த அழுத்தமும் இருக்கட்டும். மலையாளத்தில் வாசிப்பவருக்கும் எண்கள் புரியும்.