செயின்ட் ஹெலினாவா, டிரிஸ்டன் ட குன்யாவா?

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மிச்சமாகத் தென் அட்லாண்டிக்கில் கிடக்கும் தீவு ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் கடைசியில் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

போய்ச் சேர்வது: ஹெலினாவுக்கு 2017 முதல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானம் உண்டு. டிரிஸ்டனில் விமான நிலையமே கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். அப்புறமும் நிச்சயமில்லை. துறைமுகம் அத்தனை சிறியது; அலை அடங்காவிட்டால் கப்பல் வெளியேயே நிற்கும். ஊர் கண்ணெதிரே தெரியும், இறங்க முடியாது.

அனுமதி: டிரிஸ்டனுக்குத் தீவுக் கவுன்சிலின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஹெலினாவில் இவ்வளவு கெடுபிடி இல்லை.

பார்க்க: ஹெலினாவில் நெப்போலியன் 1821இல் இறந்த லாங்வுட் வீடு, முழங்காலைப் பதம் பார்க்கும் 699 படிகள் கொண்ட ஜேக்கப்ஸ் லேடர். டிரிஸ்டனில் ஒரே ஊர், உருளைக்கிழங்குத் தோட்டங்கள், 1961இல் வெடித்து ஊர் மொத்தத்தையும் இங்கிலாந்துக்கு விரட்டிய எரிமலை. பெரும்பாலோர் 1963இல் திரும்பி வந்துவிட்டார்கள். எனக்கு நெப்போலியனைவிட இந்தக் கதைதான் பிடிக்கும்.

இரண்டு வார விடுப்பு, திரும்பும் தேதி ஓரளவு நிச்சயம் வேண்டும் என்றால் ஹெலினா. மாதக்கணக்கில் நேரமும், இறங்காமலே திரும்பினாலும் சரி என்ற மனசும் இருந்தால் டிரிஸ்டன்.