ப்ளட் பவுல்: பகடையில் ஒன்று விழாத வரைக்கும் ராஜா

நண்பர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிப் பிரிக்காமலே பரணில் போட்டு வைத்திருந்த ப்ளட் பவுல் பெட்டி போன மாதம் பாதி விலைக்கு என் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1986-இல் முதன்முதலாக வெளியிட்ட, குட்டிப் பொம்மைகளையும் பகடையையும் வைத்து ஆடும் பலகை விளையாட்டு. என்னிடம் இருப்பது 2020 பதிப்பு. அமெரிக்கன் ஃபுட்பாலை மாயக்கதைகளில் வரும் ஓர்க்குகளும் (முரட்டு அரக்கர்கள்) காப்ளின்களும் (குட்டிச்சாத்தான்கள்) ஆடினால் எப்படி இருக்கும், அதுதான் கற்பனை. பந்தைத் தூக்கிக்கொண்டு எதிராளியின் கோட்டைத் தாண்ட வேண்டும், வழியில் நிற்பவனை அடிக்கலாம், கீழே விழுந்தவனை மிதிக்கவும் செய்யலாம் (நடுவர் பார்க்காமல் இருந்தால்).

பெட்டிக்குள் இரண்டு அணிகள், கருப்பு ஓர்க்குகள் ஒன்று, சீமான் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி மினுக்கும் இம்பீரியல் நோபிலிட்டி இன்னொன்று. பிளாஸ்டிக் வார்ப்பு அபாரம், ஓர்க்கின் பல்லிடுக்கு வரை தெரிகிறது. ஆனால் ஒரே உருவம் இரண்டிரண்டாக வருவதால் ஆட்டத்தின் நடுவே யார் எவன் என்று குழம்பும், அடித்தட்டின் ஓரத்தில் எண் எழுதி வைத்தேன். பெயிண்ட் விஷயத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்: அடைமழை நாளில், பொறுமை இல்லாமல், பால்கனியில் நின்று பிரைமர் (பெயிண்டுக்கு முன் போடும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடித்தேன். காற்றில் இருந்த ஈரத்துக்கு மூன்று ஓர்க்குகள் விபூதி பூசியதுபோல் வெளுத்துப்போய் நின்றன. மிச்சத்துக்கு வெயில் வரும் வரை காத்திருந்து அடித்தேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 26-க்கு 15 கட்டம் போட்ட மைதானம், பக்கத்துக்கு 11 பேர், ஒரு பாதிக்கு ஆளுக்கு எட்டு முறை. நம் முறையில் எல்லா ஆட்களையும் நகர்த்தலாம், ஆனால் நடுவில் நம் ஆள் ஒருவன் அடிக்கப் போய் அவனே சாய்ந்துவிட்டாலோ, பந்தை எடுக்கப் போய்த் தவறவிட்டாலோ முறை அங்கேயே முடிந்தது, மீதி ஆட்கள் சிலை மாதிரி நிற்க வேண்டியதுதான். இந்த ஒரே விதிதான் விளையாட்டின் உயிர். அதனால் ஆபத்தில்லாத நகர்த்தல்களை முதலில் முடித்துவிட்டு, பகடை கேட்கும் வேலைகளைக் கடைசிக்குத் தள்ளக் கற்றுக்கொள்கிறோம். பலசாலி ஓர்க்கு மெலிந்தவனை அடிக்கும்போது இரண்டு பகடை உருட்டி நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். அடிக்கிறதுக்கு இருப்பது படம் போட்ட பகடை, அதில் மண்டையோடு என்றால் அடிக்கப் போனவனே சாய்வான். இரண்டிலும் மண்டையோடு விழ 36-இல் ஒரு வாய்ப்புதான். எனக்கு அது முதல் ஆட்டத்திலேயே இரண்டு தடவை விழுந்தது. மற்ற வேலைகளுக்கு எண் போட்ட சாதாரணப் பகடைதான். தாயம் ஆடி வளர்ந்த கை, ஒன்று விழுந்தால் துள்ளிக் குதித்தே பழக்கம், இங்கே ஒன்று விழுந்தால் வாயை மூடிக்கொண்டு பகடையை எதிரே இருப்பவனிடம் கொடுக்க வேண்டும்.

என் மனத்தை அள்ளியது ஓர்க்கு அணியில் வரும் ட்ரோல் என்ற ராட்சசன். அந்த மலைமாட்டுப் பயல் பக்கத்தில் நிற்கும் காப்ளினைத் தூக்கிப் பந்தோடு சேர்த்து எறியலாம். எறிவதற்கு முன் ட்ரோலுக்குப் பசிக்கிறதா என்று ஒரு பகடை, அதில் ஒன்று விழுந்தால் இன்னொன்று, அதிலும் ஒன்று விழுந்தால் காப்ளினைத் தின்றுவிடும். இதை எழுதிய புண்ணியவான் கையில் கிடைத்தால் டீ வாங்கிக் கொடுப்பேன்.

விதிப் புத்தகம் தடிமன், ஒரே இரவில் படித்து முடிக்க நினைக்காதீர்கள். முதல் ஆட்டத்தைச் சிறப்புத் திறமைகள் எதுவும் சேர்க்காமல் ஆடிப் பாருங்கள். அப்படியும் எங்களுக்கு நாலு மணி நேரம் ஆனது, இப்போது இரண்டரையில் முடிகிறது. வேகமாக ஒரு ஆட்டம் போட்டுவிட்டு எழுந்து போக நினைப்பவர்களுக்கு இது ஆகாது.

எதிரே உட்காருவது மச்சான். போன ஞாயிறு கடைசி முறையில் என் காப்ளின் ட்ரோலின் வயிற்றுக்குள் போனபோது அவன் சிரித்து அடங்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. நேற்று நான் அதே காப்ளினுக்கு மஞ்சள் சட்டை தீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எதுக்கு மாமா வீண் செலவு, எப்படியும் சாப்பிடத்தானே போகுது" என்றான்.