பழைய கோட்டுவாத்தியம் ஒன்றோடு சில வருடங்கள்

பழைய கோட்டுவாத்தியம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் காசை எதில் போடுவது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பாலிஷ், சித்திர வேலை, புது யாளி முகம் இதற்கெல்லாம் போகிற பணம் காதுக்கு எந்தப் பலனும் தராது. தந்திகளைத் தாங்கும் குதிரை சரியாக உட்கார்ந்து, கையில் பிடிக்கும் உருளை நல்லதாக அமைந்துவிட்டால், பார்க்கச் சுமாராக இருக்கும் வாத்தியம்கூட அருமையாகப் பேசும். சில வருடங்களாக ஒன்றை வைத்து வாசித்துவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: சித்திரவீணை என்றும் சொல்லப்படும் இது, பார்வைக்குத் தஞ்சாவூர் வீணை மாதிரியே இருக்கும். நாதம் எழும் குடம், அதிலிருந்து நீளும் தண்டி, யாளி, சுரைக்காய் எல்லாம் உண்டு. ஸ்வர இடங்களைக் காட்டும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் மட்டும் கிடையாது. தண்டியின் மேல் வழவழப்பான பலகை. அதற்கு மேலே உயரத்தில் தந்திகள். இடது கையில் கனமான ஓர் உருளையைப் பிடித்துத் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போய் ஸ்வரம் பிடிக்க வேண்டும். என்னிடம் இருப்பதில் 21 தந்திகள்: வாசிக்க 6, தாளத்துக்கு 3, அடியில் தானாக அதிர்ந்து ஒலிக்கும் அனுநாதத் தந்திகள் 12. இந்த அடித்தந்திகள்தான் வாத்தியத்தின் உயிர். மேலே ஒரு காந்தாரத்தைச் சரியான இடத்தில் பிடித்தால் கீழே அதே சுருதியில் இருக்கும் தந்தி கூடவே பாடும். கொஞ்சம் தவறினாலும் அது வாயைத் திறக்காது. பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருப்பதற்குச் சமம் அது.

என் வாத்தியம் 1960களில் செய்தது என்று விற்றவர் சொன்னார். அவர் வீட்டுப் பெரியவர் வாசித்தது. அவர் காலத்துக்குப் பிறகு பீரோ மேல் கிடந்திருக்கிறது. புதிதாகச் செய்யச் சொன்னால் ஆகும் செலவில் பாதிகூட இல்லை. பலா மரம். பல வருடம் காய்ந்த மரம் என்பதுதான் பழைய வாத்தியத்தின் பெரிய அனுகூலம். அது எவ்வளவு சுருங்க வேண்டுமோ அவ்வளவும் சுருங்கி, எங்கே விரியுமோ அங்கே விரிசல் விட்டு, தன் குறைகளை எல்லாம் வெளியே காட்டிவிட்டிருக்கும். புதுசில் அது அடுத்த கோடையில்தான் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இது. தண்டியை ஒரு முனையிலிருந்து கண்ணோடு கண்ணாக வைத்து நேராக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். மெட்டு வாத்தியத்தில் லேசான வளைவை, மெட்டுகளைப் பதிக்கும் மெழுகில் சமாளித்துவிடலாம். இதில் உருளை எல்லாத் தந்தியையும் ஒரே மட்டத்தில் தொட வேண்டும். அதனால் முறுக்கிய தண்டிக்கு மருந்து இல்லை. அப்புறம் குடத்தின் மேற்பலகை குதிரைக்கு அடியில் அமுங்கியிருக்கிறதா என்று ஓர் ஸ்கேலைப் படுக்க வைத்துப் பாருங்கள். குடமும் தண்டியும் சேரும் ஒட்டு விட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது சரிசெய்யக்கூடிய வேலை. பூச்சி அரித்த ஓட்டைகளுக்குக் கீழே புதுப் பொடி கொட்டுகிறதா என்று தட்டிப் பாருங்கள். கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. இன்னொன்று, பழைய வாத்தியங்களில் சிலவற்றில் வெள்ளை அலங்காரம் யானைத் தந்தமாக இருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வாங்கவோ விற்கவோ முடியாது. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. என்னுடையதில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். அதில் எனக்குச் சந்தோஷமே.

பழுது பார்க்கத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். வீணை செய்யும் குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். நான் போன பட்டறையின் ஆசாரி வாத்தியத்தைப் பாயில் கிடத்தி, விரல் முட்டியால் குடத்தைச் சுற்றி ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சத்தம் பொத்தென்று மாறியது. அங்கே பழைய விரிசலில் யாரோ எபாக்சி என்ற நவீனப் பசையை ஊற்றி அடைத்திருந்தார்கள். “பாலிஷெல்லாம் கடைசியில பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல இந்தக் கல்லை எடுக்கணும்” என்றார். அவருக்கு அந்த எபாக்சி ஒரு கல். மரத்தோடு சேர்ந்து அது அதிராது. பக்கத்தில் இருக்கும் மரத்தையும் இழுத்து மறுபடி கீறல் விட வைக்கும். அவர் சுரண்டி எடுத்துவிட்டு, அதே பலா மரச் சீவலை மெல்லிய ஆப்பாக நறுக்கி, வச்சிரத்தில் தோய்த்து உள்ளே இறக்கினார். வச்சிரம் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை. நாளைக்கு இன்னொருவர் பிரிக்க வேண்டும் என்றால் சூடு காட்டினால் போதும், விட்டுக்கொடுக்கும். பழைய வாத்தியத்தில் நவீனப் பசை எதையும் வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அந்த ஒரு விரிசல்தான் காரணம்.

அதிக நேரம் எடுத்தது குதிரை. மரத்தாலான குதிரையின் மேல் உலோகத் தகடு ஒன்று இருக்கும். தந்தி அதன் மேல்தான் படிந்து ஓடுகிறது. தகட்டின் மேற்பரப்பு தட்டையாகவும் இருக்கக் கூடாது, மேடாகவும் இருக்கக் கூடாது. மிக லேசான சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் தந்தி ‘கர்’ரென்று இரையும், கூடினால் நாதம் சட்டென்று செத்துவிடும். தகட்டுக்கு அடியில் இருக்கும் அரக்கைச் சூடாக்கி, தகட்டை மயிரிழை அளவு சாய்த்து, ஆறவிட்டு, மீட்டிப் பார்த்து, மறுபடி சூடாக்கி... ஆசாரி இதைச் சலிக்காமல் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிலையில், மீட்டிய பிறகு ஒலி அடங்குவதற்குப் பதிலாக ஒரு கணம் விரிந்து பிறகு மெல்ல இறங்கியது. “இதான்” என்று அங்கேயே நிறுத்தினார். அனுநாதத் தந்திகளுக்கு இருக்கும் சின்னக் குதிரைக்கும் இதே வேலை. அதையும் விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகளில் பாதி வழுக்கிக்கொண்டிருந்தன. துளையைச் சீர்செய்து, சிலவற்றைப் புதிதாகக் கடைந்து போட்டார். வீட்டில் இப்போதும் சாக்பீஸ் பொடிதான் எனக்குக் கைகொடுக்கிறது. கோடையில் மரம் சுருங்கிப் பிரடை நழுவும். மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு திரும்ப மறுக்கும். சிறு சுருதித் திருத்தத்துக்கு தந்தியில் கோத்திருக்கும் லங்கர் வளையங்களை நகர்த்தினால் போதும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் எஃகுத் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். சென்னைக் காற்றில் துரு ஏறிய தந்தியில் உருளை ஓடும்போது வரும் சொரசொரப்பு காதைக் குடையும்.

இனி உருளை. வாத்தியத்துக்குச் செலவு செய்துவிட்டு இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. பார்க்காதீர்கள். கருங்காலிக் கட்டைதான் மரபு. இந்தக் காலத்தில் பலர் டெஃப்ளான் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து வாசித்திருக்கிறேன். டெஃப்ளான் வழுக்கும் சுகத்துக்கு நிகர் இல்லை, உரசல் சத்தம் குறைவு. பிருகா என்னும் வேகமான ஸ்வர உருட்டல்களுக்கு அதுதான். கருங்காலியில் ஒலி கொஞ்சம் இருண்டு, அடர்த்தியாக வரும். நீலாம்பரி, சஹானா மாதிரி ராகம் வாசிக்க எனக்குக் கருங்காலிதான் வேண்டும். அதற்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் உரசல் அடங்கும். ஒரு துளிக்கு மேல் போனால் தந்தியில் தூசி ஒட்டும். எதுவானாலும் கனம் வேண்டும். கனமான உருளையை நாம் அழுத்த வேண்டியதில்லை, அதன் எடையே தந்தியைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் தந்தி பள்ளமாகி ஸ்வரம் மேலே ஏறிவிடும்.

கற்றுக்கொள்வதைப் பற்றி. மெட்டு இல்லாததால் எங்கே எந்த ஸ்வரம் என்று கண்ணுக்கு எதுவும் சொல்லாது. ஆனால் கணக்கு இருக்கிறது, அது எனக்குப் பெரிய உதவி. என் வாத்தியத்தில் அதிரும் தந்தியின் நீளம் 84 செ.மீ. பிரடைப் பக்கத்து முனையிலிருந்து அளந்தால் மேல் ஷட்ஜம் அதில் சரிபாதி, அதாவது 42. பஞ்சமம் மூன்றில் ஒரு பங்கு, 28. மத்யமம் கால் பங்கு, 21. மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை தொடங்கினால் சுத்த ரிஷபம் ஐந்தேகால் செ.மீ.யில், அந்தர காந்தாரம் 17-க்குச் சற்றுக் குறைய, தைவதம் முப்பத்தொன்றரையில். மேல் ஸ்தாயியில் இந்த இடைவெளிகள் எல்லாம் பாதியாகிவிடும். ஷட்ஜத்துக்கும் ரிஷபத்துக்கும் நடுவே இரண்டரை செ.மீ. சொச்சம்தான். அங்கே உருளை 2 மி.மீ. தவறினால், காதுக்கு அது கீழே 4 மி.மீ. தவறியதற்குச் சமம். ஆரம்பத்தில் பலகையின் ஓரத்தில் பென்சிலால் இந்த இடங்களைப் புள்ளி வைத்துக்கொண்டேன். ஆனால் புள்ளிகள் ச, ப, ம ஆகியவற்றுக்குத்தான் நியாயமானவை. தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு எந்தப் புள்ளி வைப்பது? அது ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லையே. கொஞ்ச நாளில் புள்ளிகளை அழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடித்தந்திகளைக் கேட்டு வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் சுருதி சேர ஆரம்பித்தது.

கோட்டுவாத்தியத்துக்கென்று ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். நான் வாய்ப்பாட்டு ஆசிரியை ஒருவரிடம் போகிறேன். அவர் பாடுவார், நான் வாசிப்பேன். இது குறை என்று தோன்றவே இல்லை. இந்த வாத்தியத்துக்கும் குரலுக்கும் நெருக்கம் அவ்வளவு. கோட்டுவாத்தியத்துக்கு மறுவாழ்வு கொடுத்த திருவிடைமருதூர் சகாராம ராவிடம்தான் செம்மங்குடி சீனிவாச ஐயர் இளவயதில் பாட்டுக் கற்றார். வாத்தியக்காரரிடம் பாடகர் கற்ற அந்த வழியில் எதிர்த்திசையில் போவது ஒன்றும் புதுமை இல்லை. மைசூர் சமஸ்தான வித்வான் நாராயண ஐயங்காரின் (1903–1959) வாசிப்பும், கலாக்ஷேத்ராவில் கற்பித்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் வாசிப்பும் பழைய ஒலிப்பதிவுகளாகக் கிடைக்கின்றன. கண்டிப்பாகக் கேளுங்கள். ஐயங்காரின் வாசிப்பில் அகண்ட நாதம். சாஸ்திரிகளிடம் அவசரமே இல்லாத, மிச்சம் வைத்துப் பேசும் அழகு. எனக்கு இரண்டாவதுதான் மனசுக்குப் பக்கம்.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். ஸ்வரங்களை இரட்டித்துப் பழகும் ஜண்டை வரிசை இதில் கடினம். குரலில் சாதாரணமாக விழும் ‘ஸஸ ரிரி’ அழுத்தத்துக்கு, இரண்டாவது ஸ்வரத்தைக் கீழேயிருந்து இழுத்து வந்து அதே இடத்தில் நிறுத்த வேண்டும். அது கையில் படியவே எனக்குப் பல மாதம் ஆனது. இன்றும் சிட்டைஸ்வரம் என்னும் வேகமான ஸ்வரக் கோவைகளை நிதானப்படுத்தித்தான் வாசிக்கிறேன். இடது தோளும் கழுத்தும் வலிக்கும்; தரையில் உட்கார முடியாதவர்கள் மேடை மாதிரி ஒன்றின் மேல் வைத்துக்கொள்ளலாம். ஒலி அளவு குறைவு, மின்விசிறி ஓடினாலே பாதி நாதம் போய்விடும். ஊருக்கு எடுத்துப்போவது பெரும்பாடு. சுருதி சேர்ப்பதற்கே தினமும் கணிசமான நேரம் போகும், ராகம் மாறினால் அடித்தந்திகளின் சுருதியையும் மாற்ற வேண்டும். அதனால் நான் ஒரே ராகத்தில் வாரக்கணக்காக இருக்கிறேன். பைரவியோடு இப்போது மழைக்காலம் முழுக்க ஓடுகிறது. இந்தத் தங்கலை நான் மிகவும் விரும்புகிறேன். ஒரு ராகத்துக்குள் இவ்வளவு நாள் இருக்க வேறு எந்த வாத்தியமும் என்னைக் கட்டாயப்படுத்தியிருக்காது.

யாருக்கு இது சரிவரும்? பாட்டில் ஓரளவாவது பயிற்சி உள்ளவர்களுக்கு. ஸ்வரஸ்தானம் காதில் இல்லாமல் நேரடியாக இதில் இறங்கினால் ரொம்பத் திண்டாட்டம். முதலில் ஒரு வருடமாவது பாடக் கற்றுக்கொண்டு வாருங்கள். பழையது வாங்குவதென்றால் வாங்கிய விலையில் பாதியையாவது பழுதுக்கு ஒதுக்கி வையுங்கள். பட்டறைக்குப் போகும்போது முதலில் குதிரை, அடுத்து பிரடை, அதற்கப்புறம் தந்தி என்று சொல்லிக் கொடுங்கள். என்னுடையதற்கு இன்றுவரை பாலிஷ் போடவில்லை. பக்கவாட்டில் பழைய வார்னிஷ் உரிந்துதான் கிடக்கிறது. அடுத்த கோடையில் சுரைக்காயை மாற்றக் கொண்டுபோகும்போது ஆசாரியிடம் அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.