தல்லஹாசியின் மிஷன் சான் லூயிஸ்: மன்றத்திலிருந்து தொடங்க வேண்டிய அருங்காட்சியகம்

புளோரிடா மாநிலத் தலைநகரான தல்லஹாசியில், வெஸ்ட் டென்னசி சாலையை ஒட்டிய ஒரு மேட்டின்மீது இருக்கிறது மிஷன் சான் லூயிஸ். 1656 முதல் 1704 வரை அப்பலாச்சி என்ற பூர்வகுடி மக்களும் ஸ்பானியர்களும் அக்கம்பக்கமாகக் குடியிருந்த ஊர் இது; மிஷன் என்பது கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப ஸ்பானியர்கள் அமைத்த குடியிருப்பு. மாநில அரசு 1983இல் இந்த இடத்தை விலைக்கு வாங்கி, அகழாய்வில் கிடைத்த தூண் குழிகளையும் சுவர்த் தடங்களையும் ஆதாரமாகக் கொண்டு அன்றைய கட்டடங்களை மீண்டும் எழுப்பியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று ஏதோ ஒரு பயண வலைத்தளம் சொன்னதை நம்பிப் போனேன். மூன்று மணி நேரம் கழிந்த பிறகும் அங்குள்ள ஸ்பானியக் கோட்டைப் பக்கம் போயிருக்கவில்லை.

வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தேவாலயத்துக்குத்தான் போகிறார்கள். எதிர்ப்புறத்திலிருந்து, அதாவது அப்பலாச்சிகளின் ஊர் மன்றத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. சுமார் 120 அடி விட்டத்தில், வட்டமாக, கூம்பு வடிவக் கூரையோடு, பனையோலை வேய்ந்து நிற்கும் இந்தக் கட்டடத்தில் 2,000 பேருக்கு மேல் கூட முடிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது. பிறகு கூரை உச்சியின் திறப்பிலிருந்து இறங்கும் வெளிச்சமும், அதற்கு நேர் கீழே நடுவிலுள்ள தீக்குழியும், சுவரோரமாக வளைந்து செல்லும் மர இருக்கை வரிசைகளும் ஒவ்வொன்றாகப் புலப்படுகின்றன. தலைவர்கள் அமர்ந்து ஊர்க் காரியம் பேசியதும், விருந்தாளிகள் இரவு தங்கியதும், யவ்பான் செடியின் வறுத்த இலைகளைக் கொதிக்க வைத்த கசினா என்ற கருநிறப் பானத்தைப் பருகியதும் இந்த மன்றத்தில்தான். என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஒரு சின்னச் செய்தி: மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்கள் கருகிக் கிடந்த சிறு குழிகளை இருக்கைகள் இருந்த இடங்களில் அகழாய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கொசுவை விரட்ட அடியில் புகைமூட்டம் போட்டுவிட்டு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள்! புளோரிடாவின் கோடைக் கொசுக்களிடம் அன்று காலையிலேயே கடி வாங்கியிருந்த எனக்கு, அந்த மக்கள் சட்டென்று நெருங்கி வந்துவிட்டார்கள்.

ஸ்பானியர்கள் இங்கே வந்து சேர்ந்ததற்கும் அந்த மக்காச்சோளமே காரணம். அவுசில்லா, ஒக்லாக்கனி என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட வளமான மண்ணில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகியவற்றை அப்பலாச்சிகள் பயிரிட்டார்கள். அவர்களது செழிப்பைக் கேள்விப்பட்டு 1528இல் நார்வாயஸ் என்ற ஸ்பானியத் தளபதி படையோடு வந்தார். 1539இல் வந்த எர்னாந்தோ தெ சோதோ, அனைகா என்ற அவர்களுடைய தலைநகரைப் பிடித்துக்கொண்டு குளிர்காலம் முழுவதையும் அவர்கள் சேமித்திருந்த தானியத்தில் கழித்தார். பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் 1633இல்தான் வந்தார்கள். கூப்பிட்டது அப்பலாச்சித் தலைவர்களே என்றாலும், அந்த நட்பின் விலை விரைவிலேயே தெரிந்துவிட்டது. சுமார் 200 மைல் தொலைவிலிருந்த செயின்ட் அகஸ்டின் என்ற ஸ்பானியத் தலைமையிடத்துக்கு மூட்டைகளை அப்பலாச்சி ஆட்கள் முதுகில் சுமந்து போக வேண்டியிருந்தது. 1647இல் ஒரு பெரிய கிளர்ச்சியும் வெடித்தது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனால் அது வேறு மாதிரித் தெரியும். 110 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட அழகான கட்டடம்தான். ஆனால் தரைக்கு அடியில் நூற்றுக்கணக்கான அப்பலாச்சிகள் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள் என்பதை அறிந்த பிறகு சுவர் அலங்காரத்தில் கண் நிற்கவில்லை. அங்கே கிடைத்தவற்றுள் படிகக் கல்லில் செதுக்கிய ஒரு சிலுவையும் உண்டு.

மன்றத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் இருக்கும் வட்டத் திடலைப் பலர் வெறும் புல்வெளி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். பந்தாட்டம் நடந்த இடம் அது. மண்ணைத் தோலால் பொதிந்து செய்த மிகச் சிறிய பந்தை, உச்சியில் கழுகுக் கூடு வைத்த உயரமான கம்பத்தின்மீது காலால் உதைத்து அடிக்க வேண்டும்; கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளி, கூட்டில் விழுந்தால் இரண்டு, 11 எடுத்த அணிக்கு வெற்றி. அணிக்கு 40, 50 பேர் ஆடியதால் கைகால் முறிவதும் சில சமயம் உயிரே போவதும் உண்டு. மழைக்கும் இடிக்கும் உரிய சடங்காக இருந்த இந்த ஆட்டம் கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாது என்று கருதிய ஹுவான் தெ பைவா என்ற துறவி, அதைத் தடுக்கும் நோக்கத்தோடு 1676இல் அதன் கதையையும் விதிகளையும் விரிவாக எழுதி வைத்தார். ஒழிக்க நினைத்தவரின் கையெழுத்தால்தான் இன்று அந்த ஆட்டம் நமக்குத் தெரிகிறது.

அக்காலத்து உடையில் உலவும் ஊழியர்களிடம் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். கட்டடங்களைத் தனியாகச் சுற்றி வந்தால் பாதிதான் கிடைக்கும். அப்பலாச்சி மொழியைப் பற்றியும் கேளுங்கள். தலைவர்கள் 1688இல் ஸ்பானிய மன்னர் இரண்டாம் கார்லோஸுக்கு அனுப்பிய ஒரு கடிதம்தான் அம்மொழியில் எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம். ஆங்கிலேயக் குடியேற்றமான கரோலினாவின் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் மூர், கிரீக் என்ற பூர்வகுடிக் கூட்டாளிகளோடு வந்து அண்டை மிஷன்களை அழித்த பிறகு, 1704 ஜூலை 31 அன்று சான் லூயிஸ்வாசிகள் தங்கள் ஊருக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு வெளியேறினார்கள். சிலர் செயின்ட் அகஸ்டினுக்குப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த மோபில் நகருக்குப் போனவர்கள் 1763க்குப் பிறகு லூசியானாவுக்கு நகர்ந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

திங்கட்கிழமை விடுமுறை என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் தேவை. மாலையில் நேரம் மிஞ்சினால் நகரின் வடக்கே உள்ள லேக் ஜாக்சன் மேடுகளுக்கும் போய் வாருங்கள். ஸ்பானியர் வருவதற்கு முன் அப்பலாச்சித் தலைமையின் இருப்பிடமாக இருந்த அந்த இடத்தில், பெரிய மேட்டின் உயரம் 36 அடி. படிகளில் ஏறி உச்சிக்குப் போகலாம்.