பழைய 1400 பக்கிக்குப் புது பெட்ரோல் பம்ப்: மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கா?

நிசான் 1400 பக்கி (தென்னாப்பிரிக்காவில் சின்ன பிக்கப் லோடு வண்டியைப் பக்கி என்போம்) தயாரிப்பை 2008-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் காய்கறி மூட்டை, மணல், காவடிச் சாமான் எல்லாம் இன்னும் அதில்தான் போகிறது. அதனால் இந்தக் கேள்வியும் ஓயவில்லை: டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்புகிற பம்ப் போய்விட்டால், என்ஜினே இயக்குகிற பழையபடி மெக்கானிக்கலே போடுவதா, கரண்டில் ஓடுகிற எலக்ட்ரிக்குக்கு மாறுவதா? பெரும்பாலான வண்டிக்குப் புது மெக்கானிக்கல்தான் சரி என்பேன். எலக்ட்ரிக் ஜெயிக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் போனது பம்ப்தானா என்று பாருங்கள். லோடோடு ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போது இழுவை விட்டுப்போனால் எல்லோரும் பம்பைத்தான் திட்டுவார்கள், ஆனால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். அது உறிஞ்சுகிற பக்கம் என்பதால் பெட்ரோல் சொட்டாமல் காற்று மட்டும் உள்ளே போகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஃபில்டர் அடைத்திருந்தாலும், டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, இக்னிஷன் காயில் வயரை எடுத்துவிட்டு, சிகரெட் பிடிக்கிற ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள். பீய்ச்சிப் பீய்ச்சி வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஆயில் அளக்கிற டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், பம்புக்குள் உள்ள டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் (என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) இறங்குகிறது என்று அர்த்தம். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் காலி. பம்போடு ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

மெக்கானிக்கல் பம்பின் அழகு அதன் எளிமை. என்ஜினோடு சுழல்கிற கேம்ஷாஃப்ட் பம்பின் நெம்புகோலைத் தள்ளுகிறது, டயஃப்ரம் இறங்கிப் பெட்ரோலை இழுக்கிறது, அதை மேலே அனுப்புவது ஒரு ஸ்பிரிங். அழுத்தத்தை அந்த ஸ்பிரிங்தான் தீர்மானிக்கிறது, அதனால் கார்புரேட்டர் நிரம்பி அதன் வாயில் உள்ள ஊசி மூடிக்கொண்டால் பம்ப் சும்மா இருக்கும். என்ஜின் நின்றால் அதுவும் நிற்கும், விபத்தில் இந்த ஒன்றே பெரிய விஷயம். வயர் வேலை கிடையாது, போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. கவனிக்க வேண்டியது மலிவு நகல்களைத்தான். பேர் தெரியாத டப்பாவில் வருகிற பம்பில் நெம்புகோலின் நீளமோ வளைவோ கொஞ்சம் மாறியிருந்தால்கூடப் பெட்ரோல் போதாது, எனவே பழையதைக் கையில் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பம்புக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள தடித்த ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சூட்டைத் தடுப்பதும் நெம்புகோலின் அளவைக் காப்பதும் அதுதான்.

எலக்ட்ரிக்? வாரக்கணக்கில் நின்ற வண்டி சாவியைத் திருப்பியதும் கிளம்பும். பிப்ரவரி வெயிலில் டர்பன் டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிற தொல்லையும் குறையும். மறைவாக ஒரு சுவிட்ச் வைத்தால் திருடனுக்கும் கொஞ்சம் தலைவலி (நம்மூரில் இது சின்ன லாபம் இல்லை). ஆனால் கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். கடைக்காரர் இன்ஜெக்‌ஷன் வண்டி பம்பை எடுத்துக் கொடுத்தால் அது 40 பிஎஸ்ஐ வாக்கில் தள்ளும், ஊசியையே மீறிக் கொட்டும். பம்பை டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக, பெட்ரோல் முதலில் ஃபில்டரைத் தாண்டி வருகிற மாதிரி வைக்க வேண்டும், ஏனென்றால் அதற்குத் தள்ளத் தெரியும், தூரத்திலிருந்து உறிஞ்சத் தெரியாது. ஃப்யூஸ், ரிலே, கூடவே என்ஜின் நின்றால் கரண்டை வெட்டுகிற ஆயில் பிரஷர் சுவிட்ச் கட்டாயம். அது இல்லாமல் நேராக இக்னிஷனில் கோர்த்துவிட்ட வண்டி கவிழ்ந்தாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். பம்ப் மட்டும் மலிவாகத் தெரியும், இதையெல்லாம் சேர்த்தால் நல்ல மெக்கானிக்கல் பம்பைத் தாண்டிவிடும்.

இன்னொன்று. பழைய பம்பை அப்படியே விட்டு அதன் வழியாகவே எலக்ட்ரிக் பம்பால் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். டயஃப்ரம் ஏற்கெனவே கிழிந்திருந்தால் இப்போது சம்ப்புக்குள் இன்னும் வேகமாகப் பெட்ரோல் இறங்கும். பழையதைக் கழற்றி, ஓட்டையைப் பிளேட்டும் கேஸ்கெட்டும் போட்டு மூடுங்கள். நெம்புகோலைத் தள்ளுகிற கேம் தேய்ந்துபோன என்ஜினுக்கு இந்த வழிதான் மிச்சம், அங்கே நானும் எலக்ட்ரிக் பக்கம்தான்.

ஸ்கிராப்யார்டு பம்ப் வேண்டவே வேண்டாம், அதில் உள்ள ரப்பரும் உங்கள் வண்டி வயசுதான். ரிப்பேர் கிட் கிடைத்தால், மேல்மூடி ஸ்க்ரூ வைத்த பம்பாக இருந்தால் முயலலாம். விளிம்பை மடித்து மூடியதைப் பிரிக்க முடியாது.

இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் ஹைலக்ஸோ இசுசுவோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் போட்டியே இல்லை. பம்ப் டேங்குக்குள் இருக்கும், அதே அழுத்தத்தில் இன்னொன்று போட்டே ஆக வேண்டும். கைக்கு ஆள் இருந்தால் டேங்கை இறக்குவதைவிடப் பின்னால் உள்ள லோடு பாடியின் போல்ட்டைக் கழற்றிச் சாய்ப்பது பல வண்டிகளில் சுலபம்.