எலெக்ட்ரானின் அலைநீளத்தை அளக்க ஒரு கண்ணாடிக் குழாய்

எங்கள் ஆய்வகத்தில் எலெக்ட்ரான் விளிம்பு விளைவுக் குழாயை, அதாவது எலெக்ட்ரான்களும் அலை போல வளைந்து பரவுவதைக் காட்டும் குழாயை, இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்குங்கள் என்பேன். கூடவே வரும் கையேட்டை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம்.

சூடான மின்னிழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் சில ஆயிரம் வோல்ட்டில் வேகம் பெற்று, மெல்லிய கிராஃபைட் படலத்தைத் துளைத்துக்கொண்டு எதிரே உள்ள திரையில் விழுகின்றன. அறையை இருட்டாக்கினால் நடுவில் பச்சைப் புள்ளி, சுற்றி இரண்டு வளையங்கள். வோல்ட்டைக் கூட்டக் கூட்ட வளையங்கள் சுருங்கும். வேகம் கூடினால் அலைநீளம் குறையும் என்று 1924-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் எழுதியது அப்படியே கண்ணெதிரே நடக்கிறது! குழாயின் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் வளையங்கள் மொத்தமாக நகரும். படலத்திலிருந்து வருவது வெறும் ஒளியாக இருந்தால் நகராது. மாணவர்கள் வாயடைத்துப் போவது அங்கேதான்.

சரி, அளவுக்கு வருவோம். 4000 வோல்ட்டில் உள்வளையத்தின் விட்டம் 25 மி.மீ. படலத்துக்கும் திரைக்கும் நடுவே 135 மி.மீ., கிராஃபைட் அணுவரிசைகளின் இடைவெளி 0.213 நானோமீட்டர். கணக்குப் போட்டால் அலைநீளம் 19.7 பிக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிக்கோமீட்டர்) வருகிறது. டி பிராயின் சூத்திரம் தருவது 19.4. வெர்னியர் காலிப்பரைக் கண்ணாடி மேல் வைத்து அளந்ததற்கு இது அருமையான பொருத்தம். வளையம் தடிமனாகத் தெரியும், அதனால் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் தனித்தனியாக அளந்து சராசரி எடுங்கள்.

வெளிவளையம்தான் என்னைப் படுத்தியது. விட்டம் 42 மி.மீ., இந்த வளையத்தைத் தரும் வேறு அணுவரிசைகளின் இடைவெளி 0.123 நானோமீட்டர், விடை 19.1. எத்தனை முறை அளந்தாலும் குறைவாகவே வந்தது. அப்புறம்தான் புரிந்தது: திரை தட்டையானது அல்ல, கண்ணாடிக் குமிழின் உள்பக்கம். விலகிப் போகும் எலெக்ட்ரான்கள் 135 மி.மீ. தூரத்தை எட்டும் முன்பே வளைந்த கண்ணாடியில் மோதிவிடுகின்றன, அதனால் வளையம் சின்னதாகத் தெரிகிறது. அந்த வளைவைக் கணக்கில் சேர்த்ததும் விடை சூத்திரத்தோடு ஒட்டி வந்தது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனை மாணவர்கள் தங்கள் கையைத்தான் குறை சொல்லியிருப்பார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, மின்னோட்டத்தை 0.2 மில்லிஆம்பியருக்கு மேல் போக விடாதீர்கள். படலம் கருகிவிட்டால் குழாயே போச்சு.

அமெரிக்க இயற்பியலாளர்கள் டேவிசனும் ஜெர்மரும் 1927-இல் நிக்கல் படிகத்தின் எதிரே உணரியைக் கோணம் கோணமாக நகர்த்தி, 54 வோல்ட்டில் எலெக்ட்ரானின் அலைநீளம் 0.165 நானோமீட்டர் என்று அளந்தார்கள். இந்தக் குழாயில் ஒரே வகுப்பு நேரத்தில் ஐந்து வோல்ட் அளவுகளுக்கு விட்டம் எடுத்துவிடலாம். வோல்ட்டின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கி, அதற்கு எதிரே விட்டத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் வந்து உட்காரும்.